பந்தும் பட்டமும்: நவோமி கிர்மாவின் கல்லூரிப் பாதை சொல்லும் செய்தி

2025 ஜனவரியில் உலக விளையாட்டுப் பக்கங்களில் ஒரு செய்தி பெரிய எழுத்தில் வந்தது. அமெரிக்கப் பெண்கள் கால்பந்து அணியின் தற்காப்பு வீராங்கனை நவோமி கிர்மாவை, இங்கிலாந்தின் செல்சீ கிளப் 11 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. பெண்கள் கால்பந்தில் ஒரு வீராங்கனைக்காகப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கைமாறியது அதுவே முதல் முறை.

தொகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அந்தத் தொகைக்குப் பின்னால் இருந்த ஒரு விவரம் அதிகம் பேசப்படவில்லை. கிர்மா 21 வயது வரை ஒரு கல்லூரி மாணவி. ஒரு ரூபாய் சம்பளமும் வாங்காமல், கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே விளையாடியவர். பட்டமும் பெற்றார்; உலகின் தலைசிறந்த தற்காப்பு வீராங்கனை என்ற பெயரும் பெற்றார்.

"பிள்ளை படிக்கட்டுமா, விளையாடட்டுமா?" என்ற கேள்வி நம் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. பெண்பிள்ளை என்றால் கேள்வியே எழுவதில்லை. பதில் முன்பே முடிவாகியிருக்கும். ஆகவே கிர்மா நடந்து வந்த பாதையையும், அதே பாதை இன்று அமெரிக்காவில் எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் நாம் சற்று நிதானமாகப் பார்ப்பது பயனுள்ளது.

குடியேறியவர்கள் தாங்களே அமைத்த மைதானம்

கிர்மா 2000 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் பிறந்தவர். தாயும் தந்தையும் எத்தியோப்பியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள். அமெரிக்காவில் பிள்ளைகளுக்கான கால்பந்து என்பது பணம் படைத்தவர்களின் விளையாட்டு. நம் ஊர்களைப் போலத் தெருவில் உதைத்து வளரும் ஆட்டமாக அது அங்கே இல்லை. நல்ல கிளப்பில் சேர்க்க வேண்டுமென்றால் ஆண்டுக் கட்டணம், பயணச் செலவு, உடைச் செலவு என்று பெற்றோரின் பையைக் காலி செய்துவிடும். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளும் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளும் வெளியே நிற்பதற்கு இதுவே பெரிய காரணம் என்று அங்குள்ளவர்களே குறை சொல்கிறார்கள்.

கிர்மாவின் தந்தை இதற்குக் கண்ட வழி எளிமையானது. தம்மைப் போன்ற எத்தியோப்பியக் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, பிள்ளைகள் ஒன்றுகூடி விளையாட 'மலேடா' என்ற பெயரில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். அம்ஹாரிக் மொழியில் அதற்கு 'விடியல்' என்று பொருள். பெற்றோர்கள் கூடினார்கள், பேசினார்கள், ஊர்க் கதைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். ஐந்து வயது நவோமி பந்தை முதலில் உதைத்தது அங்கேதான்.

இதில் நம் கவனத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. அந்தத் தந்தை ஓர் உலக நட்சத்திரத்தை உருவாக்கத் திட்டம் போடவில்லை. அந்நிய நாட்டில் தம் பிள்ளைகள் தனித்துப் போகாமல் தம் மக்களோடு பழகி வளர வேண்டும் என்று விரும்பினார். நட்சத்திரம் என்பது பின்னால் வந்த கூடுதல் பலன். அதற்கு முன்பே கிடைத்த பலன், ஒரு சமூகத்தின் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்து வளர்ந்தது.

ஒரு சட்டம் திறந்த கதவு

இங்கே ஒரு பின்னணியைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 1972 ஜூன் மாதம் கல்வித்துறைச் சட்டத் திருத்தம் ஒன்று வந்தது. 'ஒன்பதாம் தலைப்பு' என்று அது அழைக்கப்படுகிறது. அரசின் நிதியுதவி பெறும் எந்தக் கல்வி நிறுவனத்திலும் பாலினத்தின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்பதே அதன் சாரம். சட்டத்தின் வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆனால் பள்ளி கல்லூரிகளின் விளையாட்டும் கல்வியின் ஒரு பகுதியே என்பதால், ஆண்களுக்குத் தரப்படும் வாய்ப்பு பெண்களுக்கும் தரப்பட வேண்டும் என்ற நிலை உருவானது.

அதன் விளைவு பெரிது. சட்டம் வந்த காலத்தில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டில் பங்கெடுத்த மாணவிகள் ஏறத்தாழ 3 லட்சம் பேர். இன்று அந்த எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1982இல் கல்லூரிப் பெண்களுக்கான தேசிய கால்பந்துப் போட்டி தொடங்கியது. பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிகளுக்கு உதவித்தொகை ஒதுக்கின. முதல் நிலைப் பிரிவில் ஒரு பெண்கள் கால்பந்து அணிக்கு 14 முழு உதவித்தொகைகள் வரை தரலாம் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. விளையாட்டுத் திறமையைக் காட்டி, கட்டணமில்லாமல் பட்டம் பெற்று வெளியே வந்த பெண்களின் எண்ணிக்கை பல்லாயிரம்.

அமெரிக்கப் பெண்கள் அணி உலகக் கோப்பையை நான்கு முறை வென்றதன் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. மற்ற நாடுகள் பெண்களின் கால்பந்தை ஏளனமாகப் பார்த்த காலத்தில் (இங்கிலாந்து 1921 முதல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கிளப் மைதானங்களையே பெண்களுக்கு மூடி வைத்திருந்தது) அமெரிக்கக் கல்லூரிகள் அவர்களுக்குப் பயிற்சியாளரையும் மைதானத்தையும் மருத்துவரையும் கொடுத்தன. கிர்மா அந்த ஏற்பாட்டின் விளைச்சல்.

ஸ்டான்ஃபோர்டு ஆண்டுகள்

2018இல் கிர்மா ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்தார். கல்விக்கும் பெயர் பெற்ற, கால்பந்துக்கும் பெயர் பெற்ற இடம். அவர் தேர்ந்தெடுத்த பாடம் 'குறியீட்டு அமைப்புகள்'. கணினி அறிவியல், மொழியியல், தத்துவம், உளவியல் ஆகிய நான்கையும் இணைத்து, மனிதனும் இயந்திரமும் எப்படிச் சிந்திக்கின்றன என்பதை ஆராயும் படிப்பு அது. விளையாட்டு வீரர்களுக்காக இலேசாக்கப்பட்ட பாடம் என்று யாரும் சொல்ல முடியாது. பின்னர் மேலாண்மை அறிவியல், பொறியியல் துறையில் முதுநிலைப் படிப்பையும் மேற்கொண்டார்.

2019 டிசம்பரில் கல்லூரிகளின் தேசிய இறுதிப்போட்டி அவர் பிறந்த சான் ஹோசே நகரிலேயே நடந்தது. எதிரணி, இத்துறையில் அதிகக் கோப்பைகள் வென்ற வட கரோலினா பல்கலைக்கழகம். கூடுதல் நேரம் முடிந்தும் இரு பக்கமும் கோல் இல்லை. பெனால்டியில் ஸ்டான்ஃபோர்டு 5க்கு 4 என்று வென்றது. தற்காப்பு வரிசையில் கிர்மா. கோல் வலைக்கு முன்னால் நின்று இரண்டு பெனால்டிகளைத் தடுத்தவர் அவருடைய நெருங்கிய தோழி கேட்டி மெயர்.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. முழங்காலின் முக்கியத் தசைநார் கிழிந்தது. கால்பந்து ஆடும் பெண்களை அதிகம் அச்சுறுத்தும் காயம் இது. குணமாக ஏறத்தாழ ஓர் ஆண்டு பிடிக்கும். சிலர் பழைய வேகத்துக்குத் திரும்புவதே இல்லை. அந்த ஆட்டப் பருவம் முழுவதையும் கிர்மா இழந்தார்.

இந்த இடத்தில் கல்லூரிப் பாதையின் பயனைப் பார்க்க முடிகிறது. சம்பளத்துக்கு ஆடும் ஓர் இளம் வீராங்கனைக்கு இத்தகைய காயம் வந்தால், ஒப்பந்தம் முடிகிறபோது வாழ்வாதாரமே கேள்விக்குறியாகலாம். கிர்மா அந்த ஆண்டிலும் மாணவி. வகுப்பு இருந்தது, பாடம் இருந்தது, மருத்துவம் இருந்தது. கால் படுத்துவிட்டாலும் எதிர்காலம் படுத்துவிடவில்லை. 2021இல் மீண்டு வந்து அணித்தலைவியாக ஆடினார். அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்கத் தேசியப் பெண்கள் லீக், கல்லூரி வீராங்கனைகளைத் தேர்ந்தெடுத்தபோது, புதிதாகத் தொடங்கப்பட்ட சான் டியாகோ வேவ் அணி முதல் பெயராக அவரைத்தான் அறிவித்தது.

வெற்றிக்கு நடுவே ஒரு மரணம்

2022 மார்ச் மாதம் கேட்டி மெயர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 22. ஸ்டான்ஃபோர்டு அணியின் தலைவி, பட்டம் பெறச் சில மாதங்களே இருந்தன, எல்லோரையும் சிரிக்க வைப்பவர் என்று பெயர் எடுத்தவர். பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கை ஒன்று அவர்மீது நிலுவையில் இருந்தது. அதைக் கையாண்ட விதத்தைக் குற்றம் சாட்டிப் பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். பல்கலைக்கழகம் குற்றச்சாட்டை மறுத்தது. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று.

ஆனால் ஒரு பெற்றோராக நாம் இதைக் கடந்து போகவும் முடியாது. படிப்பிலும் ஆட்டத்திலும் ஒருசேர முதலிடத்தில் நிற்கும் பிள்ளையின் மேல் எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை. தவறு செய்துவிட்டால் எல்லாம் போய்விடும் என்ற அச்சம், சாதனையாளர் என்று பெயர் பெற்ற பிள்ளைகளைத்தான் அதிகம் வாட்டுகிறது. வீட்டில் பாராட்டைக் கேட்டே பழகிய பிள்ளை, தோல்வியை யாரிடம் போய்ச் சொல்லும்?

கிர்மா அந்தத் துயரத்தை மூடி மறைக்கவில்லை. 2023 உலகக் கோப்பைக்கு முன்பு, தம் தோழியின் நினைவாக ஒரு கடிதம் எழுதினார். சக வீராங்கனைகளோடு சேர்ந்து மனநலம் குறித்த ஒரு விழிப்புணர்வு முயற்சியைத் தொடங்கினார். அப்போட்டிகளை ஒளிபரப்பிய அமெரிக்கத் தொலைக்காட்சியும் தன் ஒளிபரப்பு நேரத்தில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கியது. உலகமே பார்க்கும் மேடை தமக்குக் கிடைத்தபோது, தம் பெயரை வளர்க்காமல் தோழியின் பெயரால் மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்ற நினைத்தது, அவர் வாங்கிய எந்தக் கோப்பைக்கும் குறைந்ததன்று.

தடுப்பவருக்குக் கிடைத்த மதிப்பு

தொழில்முறை ஆட்டத்தில் அவருடைய வளர்ச்சி வேகமானது. 2022இல் முதல் பருவத்திலேயே லீகின் சிறந்த புதுமுகம், சிறந்த தற்காப்பு வீராங்கனை ஆகிய இரண்டு விருதுகளையும் பெற்றார். ஒரே பருவத்தில் இரண்டையும் வாங்கியவர் அதற்கு முன் யாரும் இல்லை. 2023 உலகக் கோப்பையில் அமெரிக்கா ஸ்வீடனிடம் பெனால்டியில் தோற்று வெளியேறியது. ஆனாலும் ஆடிய நான்கு ஆட்டங்களில் அந்த அணி வாங்கியது ஒரே ஒரு கோல். அவ்வாண்டு அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனத்தின் சிறந்த வீராங்கனை விருது கிர்மாவுக்குக் கிடைத்தது. அந்த விருதின் வரலாற்றில் தற்காப்பு வரிசையிலிருந்து அதைப் பெற்ற முதல் பெண் அவரே. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப்போட்டியில் பிரேசிலை 1க்கு 0 என்று வென்று அமெரிக்கா தங்கம் வாங்கியபோது, தற்காப்பின் தூணாக நின்றவரும் அவரே.

கோல் போடுபவரைத்தான் கூட்டம் கொண்டாடும். கோல் விழாமல் காப்பவரின் வேலை சரியாக நடந்தால் ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும். நம் வீடுகளில் தாய்மார்கள் செய்யும் வேலையைப் போல! அப்படிப்பட்ட இடத்தில் ஆடுபவருக்கு உலகின் அதிகபட்ச விலை கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

அந்த விலையையும் அளந்து பார்க்க வேண்டும். 2017இல் நெய்மாரை வாங்கப் பாரிஸ் கிளப் கொடுத்தது 22 கோடி யூரோவுக்கும் மேல். பெண்கள் ஆட்டத்தின் அன்றைய உச்ச விலை, ஆண்களின் உச்ச விலையில் இருநூறில் ஒரு பங்குக்கும் கீழே. 'பெண்களும் கோடீஸ்வரர்கள் ஆகிவிட்டார்கள்' என்று தலைப்புப் போடுவதற்கு முன் இதையும் நினைக்க வேண்டும்.

மூடப்படும் பாதையா?

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். கிர்மா நடந்த பாதை அவருக்குப் பின்னால் மெல்ல மாறிக்கொண்டிருக்கிறது.

முதலாவது, வயது. 2021இல் ஒலிவியா மோல்ட்ரி என்ற 15 வயதுச் சிறுமி, வயது வரம்பை எதிர்த்து நீதிமன்றம் சென்று லீகில் இடம் பிடித்தார். அதன்பின் பள்ளி வயதிலேயே ஒப்பந்தம் போடும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். கிர்மாவின் விலைச் சாதனையை அதே ஆண்டு ஜூலையில் முறியடித்த கனடாவின் ஒலிவியா ஸ்மித், அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு ஐரோப்பாவுக்குப் போனவர்.

இரண்டாவது, தேர்வு முறை. கல்லூரி வீராங்கனைகளை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் பழைய முறையை அமெரிக்கப் பெண்கள் லீக் 2024இல் கைவிட்டது. இனி வீராங்கனை தாமே எந்த அணியோடும் பேசி முடிவு செய்யலாம். இது அவர்களின் உரிமையை உயர்த்தியது உண்மை. அதோடு, கல்லூரியிலிருந்து லீகுக்குப் போவதற்கென்று போடப்பட்டிருந்த நேர்ப்படிக்கட்டும் இல்லாமல் போயிற்று.

மூன்றாவது, பணம். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பர வருமானம் ஈட்டலாம் என்றானது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் பெரும் பங்கு ஆண்களின் அமெரிக்கப் பாணிக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்குமே போகும் என்பதுதான் நிலவரம். பழைய இழப்பீட்டுத் தொகைப் பங்கீட்டை எதிர்த்து, ஒன்பதாம் தலைப்பைச் சுட்டிக்காட்டிச் சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். அதே சமரசம் உதவித்தொகை வரம்பை நீக்கி, பெண்கள் கால்பந்து அணிக்கு 28 பேர் என்ற உச்சவரம்பை வைத்தது. பணம் உள்ள பல்கலைக்கழகம் 28 பேருக்கும் உதவித்தொகை தரலாம். பணம் இல்லாதது, வருமானம் தராத அணிகளையே கலைத்துவிடலாம் என்ற அச்சம் பரவியிருக்கிறது.

பதினைந்து வயதில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் பிள்ளை வெற்றி பெற்றால் கொண்டாட ஆயிரம் பேர் வருவார்கள். முழங்கால் கிழிந்தால்? அந்தக் கணக்கையும் போட வேண்டும். அமெரிக்காவில் முதல் நிலைப் பிரிவில் மட்டும் 300க்கு மேற்பட்ட கல்லூரிப் பெண்கள் அணிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இருபதுக்குக் குறையாமல் வீராங்கனைகள். அவர்களில் கிர்மாவின் ஆண்டில் லீக் தேர்ந்தெடுத்தது ஐம்பது பேர் அளவில்தான். மற்ற ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கையில் நின்றது பட்டம். பழைய பாதையின் உண்மையான சிறப்பு, நட்சத்திரங்களை உருவாக்கியதைவிட, நட்சத்திரம் ஆகாதவர்களையும் வெறுங்கையோடு அனுப்பாததுதான். புதிய பாதையில் அந்தப் பாதுகாப்பு யாருக்கு இருக்கும்? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நம் பெண்பிள்ளைகளுக்கு

"இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். நம் பெண்பிள்ளைகள் விளையாட்டை விட்டு விலகியதற்கு நம் தயக்கம் மட்டும் காரணம் இல்லை. விதிகளும் கதவைச் சாத்தி வைத்திருந்தன. 2011இல் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜோர்டானுடன் மோத வந்த ஈரான் பெண்கள் அணி, தலையை மறைத்திருந்த காரணத்தால் ஆட அனுமதிக்கப்படவில்லை. ஜோர்டான் இளவரசர் அலீ பின் ஹுசைன் போன்றவர்கள் விடாமல் வாதாடியதன் பயனாக, 2012இல் சோதனை முறையாகவும் 2014இல் நிரந்தரமாகவும் தலைமறைப்பு அனுமதிக்கப்பட்டது. 2023 உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபுடன் களமிறங்கினார்; மூத்தோர் உலகக் கோப்பையில் அப்படி ஆடிய முதல் பெண் அவரே. அதே கோடையில் பிரான்ஸின் உச்ச நிர்வாக நீதிமன்றம், தன் நாட்டுக் கால்பந்துச் சம்மேளனம் விதித்த ஹிஜாப் தடை செல்லும் என்றது. ஒரு பக்கம் திறந்த கதவு இன்னொரு பக்கம் மூடியே இருக்கிறது.

உடையைக் காரணம் காட்டி மார்க்கம் பேணும் பெண்ணை வெளியே நிறுத்துவது அநீதி என்று நாம் சொல்கிறோம். சரிதான். ஆனால் உடையைப் பேணி ஆட வாய்ப்பிருக்கும் இடத்திலும், "பெண்பிள்ளைக்கு எதற்கு விளையாட்டு?" என்று நாமே நிறுத்திவிட்டால், அந்தக் கதவைச் சாத்தியது யார்?

எல்லாப் பிள்ளைகளும் கிர்மா ஆக வேண்டியதில்லை, ஆகவும் முடியாது. ஆனால் மலேடா போன்ற ஓர் ஏற்பாட்டைச் செய்ய எந்தச் சமூகத்துக்கும் பெரிய செலவு ஆகாது. பெண்கள் மட்டும் கூடும் நேரம், பெண் பயிற்சியாளர், பார்வை படாத இடம், தாய்மார்கள் உடனிருக்கும் ஏற்பாடு. ஒரு மஹல்லாவின் பெரியவர்கள் மனம் வைத்தால் இவை முடியாத காரியங்கள் அல்ல. உடல்நலம், தோல்வியைத் தாங்கும் பக்குவம், கூடி உழைக்கும் பழக்கம் ஆகியவை பாடப் புத்தகத்தில் மட்டும் கிடைப்பவை அல்லவே.

திறமை வெளிப்பட்ட பிள்ளையின் பெற்றோர், கையெழுத்துப் போடும் முன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது? ஆட்டம் நின்றால் படிப்பைத் தொடர வழி எழுத்தில் இருக்கிறதா? பயிற்சி நேரத்தில் பிள்ளையோடு இருப்பவர் யார்? பிள்ளை "என்னால் முடியவில்லை" என்று சொன்னால் காது கொடுக்க வீட்டில் ஒருவர் இருக்கிறாரா? கடைசிக் கேள்வி, படிப்பில் மட்டும் முதலிடம் வாங்கும் பிள்ளையின் பெற்றோருக்கும் பொருந்தும்.

படிப்பும் ஆட்டமும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று நாம் நெடுநாளாக நம்பி வந்திருக்கிறோம். முறையான ஏற்பாடு இருந்தால் ஒன்று மற்றொன்றைத் தாங்கிப் பிடிக்கும் என்பதற்குக் கிர்மாவின் வாழ்க்கை சான்று. அந்த ஏற்பாட்டை அங்கே ஒரு சட்டமும் ஒரு தந்தையும் சேர்ந்து தந்தார்கள். சட்டம் இயற்றுவது நம் கையில் இல்லாமல் இருக்கலாம். அந்தத் தந்தை செய்தது நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.